கிராமத்தில் வீடும் நிலமும் வாங்குவது எப்படி? (மூன்றாம் படி நீங்கலாக)

முதல் படி: ஆசைப்படுங்கள்.

இதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். சென்னையில் ஏழாவது மாடியில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசை தானாக வந்துவிடும். கையில் போன் இருக்கும். போனில் பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒருவர், பெரிய சம்பளத்தை உதறிவிட்டு மாப்பிள்ளைச் சம்பா நட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் ஓட்டு வீடு, திண்ணை, திண்ணையில் ஒரு நாய். வீடியோ பன்னிரண்டு நிமிடம் ஓடும். அதில் ஒரு கொசுகூட வராது. இதைக் கவனித்தவர்கள் அங்கேயே தப்பித்துக்கொள்கிறார்கள். நான் நாயைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, கணக்குப் போடுங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர். சென்னைக் கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால், ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு தாண்டும். கிரவுண்டு விலையில் ஏக்கரைக் கணக்குப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பதினெட்டு கிரவுண்டிலும் சீமைக்கருவேலம் முளைக்கும் என்று கால்குலேட்டர் சொல்லவில்லை.

நான் வாங்கியது சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், ஒரு பழைய ஓட்டு வீடும் அதைச் சுற்றி 2 ஏக்கர் 80 சென்ட் புஞ்சையும். பட்டாவில் 1.13.50 ஹெக்டேர் என்றிருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: தரகரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

அவர் பேசுவது தமிழ் மாதிரியே இருக்கும். ஏமாறாதீர்கள். 'ரோட்டு மேல இடம்' என்றால் ரோட்டிலிருந்து இடம் தெரியும் என்று பொருள். 'கண்மாய்க்குப் பக்கம்' என்றால் நல்ல மழை பெய்த வருஷத்தில் கண்மாய்க்குள். 'கரண்டு இருக்கு' என்றால் கம்பம் இருக்கிறது. 'கெணறு இருக்கு' என்பதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பேசுவோம். 'ஒரு சின்னப் பிரச்சினை, பேசி முடிச்சிரலாம்' என்று அவர் சொன்னால் அந்தப் பிரச்சினையின் வயதைக் கேளுங்கள். உங்களைவிட மூத்ததாக இருந்தால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.

இடம் பார்க்கச் சித்திரை, வைகாசியில் போங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு. அப்புறம் ஐப்பசியில், அடைமழையில், இருட்டிய பிறகு இன்னொரு தடவை. இரண்டு தடவையும் பிடித்திருந்தால் வாங்கலாம். நான் தை மாதத்தில், காலை ஏழு மணிக்குப் போனேன். கண்மாய் நிறைந்து கிடந்தது. கொக்கு பறந்தது. கொக்குக்கும் தரகருக்கும் ஏதோ ஏற்பாடு இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் படி: சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலைக் கல்லையும் கண்ணால் பாருங்கள்.

(மனு போட்டிருக்கிறேன். சர்வேயர் வந்ததும் இந்தப் பகுதி எழுதப்படும். அதுவரை அடுத்த படிக்குப் போவோம்.)

நான்காம் படி: தாள்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம், மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று. வில்லங்கம் இல்லை என்று சொல்லும் தாளுக்கே நம் ஊரில் வில்லங்கம் என்றுதான் பெயர். 'சாருக்கு வில்லங்கம் எடுத்தாச்சா?' என்று பத்திர எழுத்தர் கேட்டால் பதறாமல் தலையாட்டுங்கள். ஆனால் அந்தத் தாளில் வருவது பதிவான சங்கதிகள் மட்டுமே. அண்ணன் தம்பி வேப்பமரத்தடியில் வாயால் பிரித்துக்கொண்ட பாகம், தகரப் பெட்டியில் இருக்கும் உயில், இருபது வருஷமாக ஒருவர் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதுகொண்டிருப்பது, எதுவும் அதில் இருக்காது. குத்தகைக்காரருக்கு 1955-லிருந்தே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே 'யார் பேரில் பட்டா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல் 'யார் உழுகிறார்கள்?' என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது விற்பவரின் முகத்தைப் பாருங்கள்.

தாளுக்குத் தாள் பெயரோ அளவோ மாறியிருந்தால் காரணம் எளிது. 'யூ.டி.ஆர்ல தப்பா ஏறிருச்சு சார்.' 1980-களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டத்தின் செல்லப்பெயர் அது. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் ஊரில் எந்தக் குளறுபடி நடந்தாலும் பழி அதன் தலையில்தான் விழுகிறது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் தன் மருமகனைப் பற்றிப் பேசும்போதும் அதையே சொன்னார்.

இந்த ஒரு பத்தியில் மட்டும் கிண்டல் கிடையாது. 1892-ல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒப்படைத்த பஞ்சமி நிலத்தைப் பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பின் விற்றாலும் அந்த மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலம் எத்தனை கை மாறி, எவ்வளவு சுத்தமான பத்திரத்தோடு உங்களிடம் வந்தாலும் வாங்காதீர்கள். பூமிதான நிலமும் கோயில் நிலமும் அப்படியே. விலை மலிவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். என் பத்திரத்தில் 'மேற்படி கிணற்றில் 8-ல் 3 பாகம்' என்று இருந்தது. தரகர் சொன்ன கிணறு இதுதான். எட்டிப் பார்த்தேன், அடியில் ஒரு செருப்பும் ஒரு ஓணானும் இருந்தன. தண்ணீரே இல்லாத கிணற்றில் எட்டில் மூன்று பங்கு எவ்வளவு என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளைக் கேட்டேன். 'பூஜ்யம்ப்பா' என்றாள். பத்திர எழுத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. 'பாத்தியதை வேற, தண்ணி வேற' என்றார். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று இன்னும் பலவற்றையும் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நிதி என்றால் புதையல். சந்தோஷப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வேலி போடக் குழி தோண்டியபோது எனக்கு ஒரு மண்வெட்டி கிடைத்தது. பிடி இல்லை. பத்து ரூபாய் தேறாது என்று முடிவுசெய்து தெரிவிக்காமல் விட்டேன்.

கடைசியாக, தலைகளை எண்ணுங்கள். அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் அவர் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு. இது 1956-லிருந்து உள்ள சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சொன்னது, நாடு 2005-ல் சொன்னது. அண்ணன் தம்பிகள் இன்னும் சொல்லவில்லை. என் வாரிசுச் சான்றில் நான்கு பெயர். பத்திர ஆபீசுக்கு வந்தவர்கள் மூன்று பேர். நான்காவது, மலேசியாவில் ஈப்போவில் வாழ்க்கைப்பட்ட அக்கா. 'அவுக எப்ப வந்தாலும் போட்ருவாக சார். எங்கக்கா தங்கம்' என்றார் மூத்த தம்பி. தங்கத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் முழுசாகக் கட்டி, நாலில் மூன்று பங்கு வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனேன். எந்த முக்கால் என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் படி: வீட்டைப் புதுப்பியுங்கள். அல்லது வீடு உங்களைப் புதுப்பிக்கட்டும்.

பழைய வீட்டுக்குள் முதல் தடவை நுழையும்போது ஒரு கடப்பாரையும் ஒரு டார்ச்சும் எடுத்துப் போங்கள். உத்திரத்தைத் தட்டுங்கள். கணீரென்றால் மரம், பொத்தென்றால் கரையான் கட்டிய மரம் மாதிரியான ஒன்று. செட்டியார் வீடுகளில் பர்மாத் தேக்கு இருக்கும் என்று படித்திருப்பீர்கள். இது செட்டியார் வீடு அல்ல. இங்கே வேம்பும் பூவரசும் பனையும்தான். வைரம் பாய்ந்த பனைச் சட்டத்தை ஆணிகூட மதிக்காது. அது தேக்குக்கு ஒன்றும் தாழ்வில்லை என்பது என் கட்சி. தலைவாசல் கதவு மட்டும் இருக்காது. உங்களுக்கு முன்னால் அது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கும். அங்கே போய் வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கதவை, வீட்டின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து வாங்கி வாருங்கள். நிலைக்குப் பொருந்தாது. நிலையை இடித்துப் பெரிதாக்குங்கள். சுவர் கொஞ்சம் கூடவே வரும்.

சுவர் மண் சுவர். கொத்தனார் முதலில் சொல்வது, 'அடிச்சு சிமெண்டு பூசிருவோம் சார், பத்து நாள்ல பளபளன்னு ஆயிரும்.' ஆகும். தரையிலிருந்து ஈரம் மண் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெளியே காய்ந்துவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவைக்கும். உள்ளே மண் இளகும், பூச்சு சுவரை விட்டு விலகும். இரண்டு மழைக்காலம் கழித்துத் தட்டிப் பார்த்தால் டொப் டொப்பென்று தேங்காய் முற்றாத சத்தம் கேட்கும். மூன்றாவது மழையில் பாளம் பாளமாக உங்கள் காலடியில்.

ஆகவே சுண்ணாம்பு என்று பிடிவாதம் பிடித்தேன். நீற்றி, வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. இந்த வேலை தெரிந்தவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்திருக்கும் கூட்டமும் இருக்கிறது. பெரும்பாலும் ஹோட்டல் கட்டுகிறவர்கள். ஐந்து மாதம் காத்திருந்து ஒரு பெரியவரைப் பிடித்தேன். சுவருக்கு முட்டை வாங்கிவந்த அன்று ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. வெள்ளைக்கரு சுவருக்குப் போனது சரி, இத்தனை மஞ்சள்கருவும் எங்கே போகிறது என்று மூன்றாம் நாள் கேட்டேன். பெரியவர் ஏப்பம் விட்டுக்கொண்டே, 'அது பழைய முறையில உள்ளதுதான் தம்பி' என்றார்.

சுவர் இன்றைக்குப் பளிங்கு மாதிரி இருக்கிறது. கன்னத்தை வைத்தால் மே மாதத்திலும் குளிர்கிறது. இந்த வழிகாட்டியில் நான் கிண்டல் செய்ய முடியாத ஒரே பொருள் அந்தச் சுவர்தான்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக: நாட்டு ஓடு அழகு, குளிர்ச்சி, வருஷா வருஷம் பிரித்து மாற்ற வேண்டும். சீமை ஓடு கனம், ஒழுங்கு. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை வைத்துச் சுட ஆரம்பித்தது; மங்களூர் ஓடு என்ற பெயர் அப்படி வந்தது. குரங்குக்கு இரண்டும் ஒன்று.

கொல்லை வாசலில் மூன்று படி உண்டு. மேல் இரண்டும் செம்புராங்கல், கடைசிப் படி மட்டும் கருங்கல். மற்ற இரண்டைவிடக் குட்டை, கொஞ்சம் ஆடும். நான் அதில் நான்கு தடவை தடுக்கி விழுந்திருக்கிறேன். 'எடுத்துப் போட்டுட்டுப் புதுசு வச்சிரலாம்' என்றார் கொத்தனார். பழமை கெடக் கூடாது, அப்படியே இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன். பழைய வீடு வாங்குகிறவர்களின் வாயில் இந்த வாக்கியம் ஒரு நாளைக்கு ஆறு தடவை வரும், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர், பயிர், இன்ன பிற.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு நடப்பார். தேங்காய் நிமிர்ந்தால் கீழே தண்ணீர். எங்கள் நிலத்தில் தேங்காய் நிமிர்ந்த இடம், லாரி வந்து நிற்க வசதியான இடமாகவும் அமைந்தது அறிவியல் அதிசயம். திருச்செங்கோட்டு லாரி ராத்திரி பதினொன்றுக்கு வந்து, விடியும்வரை புழுதி கக்கிவிட்டுப் போனது. தண்ணீர் வந்தது. காபி போட்டால் உப்புப் போட வேண்டியதில்லை. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உண்மைதான். அந்த இணைப்புக்கு முதலில் வரிசையில் நிற்க வேண்டும். வந்த பிறகு அதில் வீட்டுக்கு ஒரு பல்பு போட்டாலும் அபராதம்.

பயிரைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. முதல் வருஷம் கேழ்வரகு விதைத்தேன், மயில் தின்றது. மயிலை விரட்டலாம், தொடக்கூடாது. அது தேசியப் பறவை, 1972-ம் வருஷ வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் வருஷம் நாற்பத்தெட்டு மரக்கன்று நட்டேன், ஆடு தின்றது. ஆட்டுக்கு அட்டவணை இல்லை, ஆனால் சொந்தக்காரர் உண்டு. அவரே எனக்கு வேலி போடும் ஆளும்கூட.

ஏழாம் படி: ஊரில் ஒருவராகுங்கள்.

இது பத்திர ஆபீசில் நடக்காது. வீட்டுக்கு 'வசந்த இல்லம்' என்று கல்லில் வெட்டிப் பதித்தேன். இன்றுவரை தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அது 'வாத்தியார் வீடு'தான். வாத்தியார் செத்து முப்பது வருஷம் ஆகிறது. 'வாத்தியார் வீட்டுல இருக்காருல்ல, அந்த மெட்ராசு சாரு' என்பதுதான் என் முழு முகவரி.

ஐயனாருக்குப் புரவி எடுப்பு வந்தது. மண் குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் நோட்டோடு வந்தார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி எழுதுவார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, முதல் ஆளாகக் கொடுத்துவிட வேண்டும் என்று பணத்தோடு தயாராக இருந்தேன். 'சாரு நன்கொடையா எதாச்சும் போட்டுக் குடுங்க' என்றார்கள். இந்த இடத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வரி கேட்டால் நீங்கள் ஊர்க்காரர். நன்கொடை கேட்டால் நீங்கள் சார். வரியைப் போல இருபது மடங்கு கொடுத்தேன். மைக்கில் என் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். வரி கொடுத்தவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர்கள்தான் குதிரை தூக்கினார்கள்.

மூன்றாம் படி (தொடர்ச்சி):

பதினான்கு மாதம் கழித்து சர்வேயர் வந்தார். அதே நாளில், முன்னறிவிப்பில்லாமல், ஈப்போ அக்காவும் வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டிய வயது, பேரனின் கையைப் பிடித்தபடி. நான் ஓடிப்போய்த் தலைவாசலைத் திறந்தேன், காரைக்குடிக் கதவை அவர் பார்க்கட்டும் என்று. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுற்றிக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனார். அங்கே ஆட்டுக்கல்லின் குழியில் நான் தண்ணீர் ஊற்றித் தாமரை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

'ஆட்டுக்கல்லுல பூ வளக்கச் சொன்னது யாருப்பு?'

சென்னையில் இருந்த என் மனைவியின் பெயரைச் சொன்னேன். இது போன்ற நேரங்களில் ஊரில் இல்லாத ஒருவர் பெயரைத் தயாராக வைத்திருங்கள்.

'கையெழுத்து நாளைக்கிப் போடுறேன். மொதல்ல அந்தத் தாமரைய வெளிய எடு. எங்காத்தா ஆட்டுன கல்லு.'

சர்வேயர் அதற்குள் புலப்படத்தை விரித்து, டேப்பை இழுத்து, காலையிலிருந்து அலைந்து வேர்த்துப்போய்க் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். நான்கு மூலையில் மூன்று கல் கிடைத்துவிட்டது. தென்கிழக்கு மூலைக் கல் மட்டும் இல்லை. அது இல்லாமல் பங்காளி நிலத்துக்கும் எனக்கும் நடுவில் பதினான்கு சென்ட் யாருடையது என்று சொல்ல முடியாது. கலரைக் குடித்துக்கொண்டே உச்சுக் கொட்டினார்.

'அவுக என்னத்தத் தேடுறாக?' என்றார் அக்கா.

'மூலைக்கல்லும்மா. சர்வே கல்லு.'

'அதுலதான ஒக்காந்திருக்காக.'

சர்வேயர் எழுந்தார். மூன்றாம் படி ஆடியது.

'திருப்பிப் பாக்கச் சொல்லு. எங்கய்யாவும் சித்தப்பாவும் வரப்புக்கு அடிச்சுக்கிட்ட வருசம், ராவோட ராவா பிடுங்கியாந்து போட்டது. அரிக்கேன் வெளக்கப் பிடிச்சதே நான்தான்.'

கடப்பாரையால் நெம்பிப் புரட்டினோம். மண்ணைத் துடைத்தால், கூட்டல் குறி போலக் கொத்தியிருந்தது. சர்வே கல்லைப் பிடுங்குவது 1923-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்று சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். 'வாத்தியாருக்குத் தெரியாத சட்டமா?' என்றார் அக்கா.

எங்கிருந்து பிடுங்கியது என்று கேட்டோம். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்புவரை நடந்தார். நின்றார். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். 'இங்கன ஒரு ஒத்தப் பனை நின்னுச்சே' என்றார். கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம்தான்.

சர்வேயர் நோட்டில் ஏதோ எழுதி, படத்தை மடித்தார். 'கல்லக் காணோம்னு மனு குடுத்திருந்தீங்க சார். கல்லு இருக்கு. எடத்தத்தான் காணோம். அதுக்கு வேற மனு போடணும்.'

போட்டிருக்கிறேன். கல்லைத் துடைத்து, பத்திரமாகக் கூடத்தில், என் முக்கால் பங்குக்குள் வைத்திருக்கிறேன். கொல்லை வாசலில் இப்போது இரண்டு படிதான். வந்தால் பார்த்து இறங்குங்கள்.